ஸ்டார் வார்ஸில் எல்லாரும் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "நண்பர்களோடு உட்கார்ந்து ஸ்டார் வார்ஸ் படங்களை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தமே இல்லாத இடங்களில் திடீரென்று சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். கேட்டால் 'ஈஸ்டர் எக்' என்கிறார்கள். இதெல்லாம் தெரியாமல் பார்த்தால் படத்தை முழுசாகப் பார்த்ததாகுமா?"

முழுசாகப் பார்த்ததாகும். அந்தக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். லூக் ஸ்கைவாக்கர் யார், அவன் அப்பா யார், கிரகங்களையே அழிக்கும் ராட்சத விண்வெளி நிலையமான டெத் ஸ்டார் ஏன் வெடிக்க வேண்டும் என்பதெல்லாம் புரிந்தால் கதை உங்கள் கைக்கு வந்துவிட்டது. உங்கள் நண்பர்கள் சிரிப்பது கதைக்கு வெளியே நடக்கும் இன்னொரு கதைக்கு. படம் எடுத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, நண்பனுக்குச் சொன்ன நன்றி, தவறிப்போய் கேமராவில் விழுந்தது, ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடியது எல்லாம் அதில் இருக்கின்றன. எனக்கு அந்த இரண்டாவது கதை மீது தீராத காதல். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் 'ஈஸ்டர் எக்' என்ற அந்தப் பெயர். படைப்புக்குள் ஒளித்துவைத்த ரகசியக் குறிப்பு என்று பொருள். ஈஸ்டர் பண்டிகையில் வண்ண முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்த சொல். அது இந்தப் பொருளில் புழங்கத் தொடங்கியது சினிமாவில் இல்லை, அட்டாரி நிறுவனத்தின் வீடியோ கேமில். அந்தக் காலத்தில் கேம் எழுதியவர்களின் பெயரை அட்டாரி வெளியே சொல்லாது. வாரன் ராபினெட் என்ற நிரலாளர், தான் எழுதிய 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறையை வைத்தார். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துப்போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். உள்ளே, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். தன் பெயருக்கு இடம் தராத வீட்டுக்குள் தானே கட்டிக்கொண்ட அறை அது. பிறகு ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுத, விஷயம் வெளியே வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டார் வார்ஸில் ஒளிந்திருப்பவற்றில் நல்லவை எல்லாமே இந்த வகைதான். வேலை செய்த மனிதர்கள் விட்டுப்போன கைரேகைகள்.

1977-ல் வந்த முதல் படத்தில் லூக்கும் அவன் நண்பன் ஹான் சோலோவும் பேரரசின் படைவீரர்களான ஸ்டார்ம்ட்ரூப்பர்களின் உடையைப் போட்டுக்கொண்டு, ஹானின் ரோமக் கூட்டாளி சூபாக்காவைக் கைதிபோல் நடத்திக்கொண்டு டெத் ஸ்டாரின் சிறைப் பகுதிக்கு வருவார்கள். அங்கிருக்கும் அதிகாரி எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்பார். "1138-ஆம் சிறைப் பிரிவிலிருந்து கைதி மாற்றம்" என்பான் லூக். யோசித்து வைத்த எண் அது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கல்லூரியில் படிக்கும்போது, 1967-ல், எடுத்த குறும்படத்தின் தலைப்பிலும் அந்த எண் உண்டு. அதையே பெரிதாக்கி 1971-ல் 'டிஹெச்எக்ஸ் 1138' என்று தன் முதல் முழுநீளப் படமாக எடுத்தார். அது ஓடவில்லை. அடுத்து வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) நன்றாக ஓடியது, அதில் வரும் மஞ்சள் காரின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், டிஹெச்எக்ஸ் 138. தோற்றுப்போன முதல் பிள்ளையை அந்த மனிதர் மறக்கவே இல்லை. 1980-ல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'கில் பனிப்போருக்கு முன்னால் ரேடியோவில், ரோக் 10, ரோக் 11 என்ற அழைப்புப் பெயருள்ள விமானிகள் 3-8-ஆம் நிலையத்துக்குப் போகும்படி ஓர் உத்தரவு வரும். 10-ஐ ஒதுக்கிவிட்டு 11-ஐயும் 3-8-ஐயும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

அதே சிறைப் பகுதியில் இன்னோர் எண் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் ஆழமான ஒன்று இதுதான். இளவரசி லெயாவை அடைத்திருக்கும் அறையின் எண் 2187. ஹான் அதைக் கணினியில் தேடிக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்வான். 38 வருஷம் கழித்து, 2015-ல், 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' படத்தில் ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் மனம் மாறித் தப்பி ஓடுவான். அவனுக்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். எஃப்என்-2187. அதிலிருந்துதான் அவனுக்கு ஃபின் என்ற பெயர் வருகிறது. லெயாவின் சிறை அறை எண், சிறையிலிருந்து தப்புகிறவனின் எண்ணாகியிருக்கிறது. இதுவரை பல ரசிகர்களுக்குத் தெரியும்.

இதற்குப் பின்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. லூகாஸ் மாணவராக இருந்தபோது திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு குறும்படம் உண்டு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் ஆர்தர் லிப்செட் என்ற கலைஞர் 1963-ல் செய்தது, பத்து நிமிஷம்கூட வராது. மற்றவர்கள் வெட்டிப்போட்ட படச்சுருள் துண்டுகளையும் ஒலித்துண்டுகளையும் பொறுக்கி ஒட்டிச் செய்த படம். அதன் தலைப்பு '21-87'. அந்தப் படத்தில் ஒரு குரல் பேசும். இயற்கையைப் பார்க்கும்போதும் பிற உயிர்களோடு பழகும்போதும், நாம் காணும் இந்த முகமூடிக்குப் பின்னால் ஏதோ ஒரு விசை இருப்பதாக மனிதர்களுக்குத் தோன்றுகிறது என்று. அந்தக் குரல் பயன்படுத்தும் சொல் 'ஃபோர்ஸ்'. ஸ்டார் வார்ஸின் உயிர்நாடியான அந்தச் சொல்லுக்கு இந்தப் படத்தின் எதிரொலியும் உண்டு என்று லூகாஸே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆக, லெயாவின் அறைக் கதவில் இருப்பது ஒரு மாணவன் தன் குருவின் படத்துக்கு வைத்த வணக்கம். 1977-ல் தியேட்டரில் இருந்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரியாதவர்களுக்கு அது வெறும் அறை எண், படம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது.

நண்பர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் தனி அத்தியாயம். லூகாஸும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் நெடுநாள் நண்பர்கள், இண்டியானா ஜோன்ஸ் படங்களைச் சேர்ந்து செய்தவர்கள். 1981-ல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் எகிப்தின் பாதாள அறையிலிருந்து பேழையைத் தூக்கும் காட்சியில், பக்கத்துத் தூணில் பழங்காலச் சித்திர எழுத்துகளுக்கு நடுவே ஆர்2-டி2 ரோபோவும் சி-3பிஓ ரோபோவும் செதுக்கப்பட்டிருக்கும். 1984-ல் வந்த இரண்டாவது படம் ஷாங்காயில் ஓர் இரவு விடுதியில் தொடங்கும், அந்த விடுதியின் பெயர்ப்பலகையில், லூக்கின் குரு ஓபி-வானின் பெயரில், 'கிளப் ஓபி வான்' என்று இருக்கும். அந்தப் படத்தில் இந்தியக் கிராமமாக வருவது இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும், விடுதியின் பெயரைக் கவனித்தவர்கள் குறைவு.

ஸ்பீல்பெர்க் 1982-ல் 'ஈ.டி.' எடுத்தபோது, ஹாலோவீன் இரவில் தெருவில் போகும் ஒரு குழந்தைக்கு ஸ்டார் வார்ஸின் குட்டிப் பச்சைக் குருவான யோடாவின் வேஷம் போட்டுவிட்டார். போர்வைக்குள் மறைந்து நடந்துவரும் வேற்றுக்கிரகவாசி ஈ.டி. அந்தக் குழந்தையைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் "வீடு, வீடு" என்று பின்னாலேயே போகும். அந்த இடத்தில் யோடாவின் இசையும் லேசாக வந்து போகும், ஏனென்றால் இரண்டு படத்துக்கும் இசை ஜான் வில்லியம்ஸ். லூகாஸ் 17 வருஷம் கழித்துக் கடனை அடைத்தார். 1999-ல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தில் விண்மீன் மண்டல நாடாளுமன்றத்தில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் வட்ட மேடைகளில் மிதந்துகொண்டு கூச்சல் போடுவார்கள். ஒரு மேடையில் ஈ.டி.யின் இனத்தார் மூன்று பேர் நின்று கையை ஆட்டுவார்கள். இங்கே இன்னொரு அழகு ஒளிந்திருக்கிறது. ஈ.டி. படத்து உலகில் ஸ்டார் வார்ஸ் என்பது கடையில் பொம்மையாக விற்கும் ஒரு படம். ஸ்டார் வார்ஸ் உலகில் ஈ.டி. ஒரு தொகுதியின் பிரதிநிதி. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலை சுற்றும், சுற்றட்டும்.

அந்த 1999 படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். இறுதியில் மூன்று பேர் மோதும் வாள்சண்டைக்குப் பின்னால் ஒரு கோரஸ் முழங்குமே, அந்தச் சொற்கள் சமஸ்கிருதம். பழைய வெல்ஷ் மொழிக் கவிதை ஒன்றின் வரிகளை ஆங்கில வழியாகச் சமஸ்கிருதமாக்கி, ஓசைக்காக அசைகளை வெட்டி ஒட்டிப் பாடவைத்தார் வில்லியம்ஸ். சமஸ்கிருதம் தெரிந்தவர்களுக்குக்கூடப் பொருள் சிக்காது. கேட்கும்போது மந்திரம்போல் இருக்க வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனி கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய ஒன்று. முதல் படத்தில் லூக்கும் லெயாவும் டெத் ஸ்டாருக்குள் பாலம் இல்லாத ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்வார்கள். எதிர்ப்பக்கம் மேலே நின்று சுடும் ஒரு ட்ரூப்பரை லூக் சுட, அவன் அலறிக்கொண்டே பள்ளத்தில் விழுவான். அந்த அலறலை ஒருமுறை கவனித்துக் கேட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. தொண்டை கிழிய ஏறி, நடுவில் ஒரு வளைவு வளைந்து, சட்டென்று அறுந்துபோகும். அது 1977-ல் பதிவானதே இல்லை. 1951-ல் வார்னர் நிறுவனம் எடுத்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' என்ற படத்தில், சதுப்புநிலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் ஒரு சிப்பாயை முதலை கவ்வி இழுக்கும், அதற்காகப் பதிவுசெய்த அலறல். குரல் கொடுத்தவர் ஷெப் வூலி என்ற பாடகர், நடிகர் என்பதே பெரும்பாலோர் கருத்து. 1953-ல் வேறொரு படத்தில் வில்ஹெல்ம் என்ற சிப்பாய்க்குத் தொடையில் அம்பு தைக்கும்போது அதே அலறலை எடுத்துப் போட்டார்கள். இப்படி ஸ்டூடியோவின் ஒலிக் கிடங்கில் கிடந்து, யார் யாரோ சாகும்போதெல்லாம் எடுத்துப் பயன்படுத்தப்பட்டது.

பென் பர்ட் என்ற ஒலிக் கலைஞர் சின்ன வயதிலிருந்தே பழைய படங்களில் இந்த ஒரே அலறல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து வந்தவர். ஸ்டார் வார்ஸுக்கு ஒலி சேகரிக்கும் வேலை கிடைத்தபோது ஸ்டூடியோ கிடங்கில் அந்த மூலச்சுருளைத் தேடிப் பிடித்தார். 'வில்ஹெல்ம் அலறல்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஸ்டார் வார்ஸில் போட்டார், அடுத்த படத்தில் போட்டார், இண்டியானா ஜோன்ஸில் போட்டார். 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' (1983) படத்தில் பாலைவனத்துப் பெருவாய்க்குள் விழும் காவலன் அலறுவது அதுதான். அதே படத்தில் பர்ட்டே ஒரு அதிகாரியாக நடித்து, "அசையாதே!" என்று கத்திவிட்டு, ஹானிடம் அடிவாங்கிக் கீழே விழுவார். விழும்போது வில்ஹெல்மைப் போலவே தன் சொந்தக் குரலில் அலறுவார். மற்ற ஒலிக் கலைஞர்களுக்கும் இது தொற்றிக்கொண்டது. 'டாய் ஸ்டோரி'யில் பஸ் லைட்இயர் ஜன்னலிலிருந்து விழும்போது கேட்கலாம், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் கோட்டைச் சுவரிலிருந்து விழும் வீரனிடமும் கேட்கலாம். ஒலிப்பதிவு அறையில் இருட்டில் உட்கார்ந்து வேலை செய்யும், யாருக்கும் முகம் தெரியாத மனிதர்கள், ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்ட விதம் இது. எனக்கு முதன்முதலில் அந்தக் குரல் பிடிபட்டது ஹெட்ஃபோனில் பார்த்த ஒரு ராத்திரியில். எந்தப் படத்திலோ கேட்டிருக்கிறோமே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2017-ல் 'தி லாஸ்ட் ஜெடை' வந்தபோது அதை ஓய்வெடுக்கவிட்டு, புதிதாக வேறோர் அலறலைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் வருத்தம்தான்.

உங்கள் நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் ஒரு வசனத்தைச் சொல்லியிருப்பார்களே, "எனக்கு இது சரியாப் படல" என்ற பொருளில் வரும் வசனம்? முதல் படத்திலேயே இரண்டு தடவை வருகிறது. டெத் ஸ்டாரை நெருங்கும்போது லூக் சொல்வான், குப்பை அரைக்கும் கிடங்கில் மாட்டிக்கொண்டு ஹான் சொல்வான். இரண்டாவது படத்தில் லெயா. பிறகு அது சடங்காகவே ஆகிவிட்டது. 1999-ல் ஓபி-வான் பேசும் முதல் வசனமே இதுதான். 2002-ல் அனகின், 2005-ல் மறுபடி ஓபி-வான், 2015-ல் வயதான ஹான், 2019-ல் ஹானின் பழைய நண்பன் லாண்டோ. சடங்கானதை அப்படியே திரும்பச் செய்தால் அலுத்துவிடும் இல்லையா, அதனால் பிற்கால இயக்குநர்கள் அதோடு விளையாடத் தொடங்கினார்கள். 'ரோக் ஒன்' (2016) படத்தில் கே-2எஸ்ஓ என்ற ரோபோ அந்த வசனத்தை ஆரம்பிக்கும், முடிப்பதற்குள் கூட இருப்பவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். 'சோலோ' (2018) படத்தில் இளவயது ஹான் அதையே தலைகீழாக, "எனக்கென்னவோ இது ரொம்ப நல்லாப் படுது" என்பான். வாழ்க்கையில் இன்னும் அடிபடாதவன் அப்படித்தானே சொல்வான்! 'தி லாஸ்ட் ஜெடை'யில் வசனமே இல்லையே என்று ரசிகர்கள் தேடினார்கள். தொடக்கப் போரில் பிபி-8 என்ற உருண்டை ரோபோ தன் கீச்சுமொழியில் ஏதோ சொல்ல, விமானி போ, "சந்தோஷமா கீச்சிடு" என்று சமாதானப்படுத்துவான். பிபி-8 சொன்னது அதைத்தான் என்று இயக்குநர் ரையன் ஜான்சன் பிறகு உறுதிப்படுத்தினார். பதிலை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடிக்கவைத்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தவறுகளுக்கு வருவோம். முதல் படத்தில் கட்டுப்பாட்டு அறைக்குள் ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் திமுதிமுவென்று நுழைவார்கள். கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை, முழுசாக ஏறியிருக்காது. திரையின் வலப்பக்கம் வரும் உயரமான ட்ரூப்பர் தலையை நேராகக் கொண்டுபோய் அதில் இடிப்பார். ஹெல்மெட் போட்டால் சரியாகக் கண் தெரியாது என்பது அந்த உடையில் நடித்தவர்கள் எல்லாரும் சொன்ன குறை. எடிட்டிங்கில் யாரும் வெட்டவில்லை, படம் அப்படியே வெளிவந்தது. ரசிகர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு சாதாரணப் பிழை மெல்ல மெல்லச் செல்லமாகிவிட்டது. லூகாஸ் 2002-ல் என்ன செய்தார் தெரியுமா? எல்லா வீரர்களும் ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே மனிதனின் நகல்களாக உருவானவர்கள் என்று 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில் கதை வருகிறது. அந்த ஜாங்கோ மழையில் சண்டை போட்டுவிட்டுத் தன் கப்பலுக்குள் ஏறும்போது தலையைக் கதவில் இடித்துக்கொள்வான். தலையை இடித்துக்கொள்வது பரம்பரைக் குணம் என்று வைத்துக்கொள்ளலாமே என்பது லூகாஸின் கணக்கு. 2004-ல் பழைய படங்கள் டிவிடியாக வந்தபோது அந்த முதல் இடிக்கு ஒரு 'டொக்' சத்தமும் சேர்த்துவிட்டார்கள். செட்டில் யாரோ ஒரு துணை நடிகருக்கு நெற்றியில் பட்ட அடி, விண்மீன் மண்டலத்தின் மரபணுவில் சேர்ந்துவிட்டது.

இன்றைக்கு நிலைமை வேறு. 2020-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் ஒரு காட்சியின் ஓரத்தில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட படப்பிடிப்புக் குழுவினர் ஒருவர் பாதி தெரிந்தார். ரசிகர்கள் கண்டுபிடித்து அவருக்குப் பொம்மைப் பெட்டி டிசைனெல்லாம் செய்து மகிழ்ந்தார்கள். ஆனால் ஓடிடியில் படத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், சீக்கிரமே அவரைக் கணினியில் அழித்துவிட்டார்கள். விட்டுவைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அதே தொடரில்தான் ரசிகர்களின் சிரிப்பு கதைக்குள்ளேயே குடியேறிய இடமும் இருக்கிறது. 1980 படத்தில் மேக நகரத்தைப் பேரரசு கைப்பற்றியதும், எல்லாரும் ஓடிவிடுங்கள் என்று லாண்டோ ஒலிபெருக்கியில் அறிவிப்பான். ஜனங்கள் சிதறி ஓடுவார்கள். அதில் ஆரஞ்சு நிற உடுப்புப் போட்ட ஒருவர், கையில் ஓர் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவார். கண் இமைத்தால் தவறிவிடும். அந்த உருளை, அக்காலத்தில் கடையில் விற்ற, வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம். எதிர்கால உலகத்துப் பொருள்போல இருக்கட்டும் என்று செட் ஆட்கள் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார்கள். ஊரே பற்றி எரியும்போது ஒரு மனுஷன் ஐஸ்கிரீம் இயந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறான்! ரசிகர்கள் அவரை விடவில்லை. வில்ரோ ஹூட் என்று ஒரு பெயர் வந்தது, கையில் இருந்தது புரட்சியாளர்களின் ரகசியத் தகவல்கள் அடங்கிய பெட்டி என்று ஒரு கதை வந்தது, பொம்மை வந்தது. ஸ்டார் வார்ஸ் கொண்டாட்ட மாநாடுகளில் ஆரஞ்சு உடை போட்ட ஒரு கூட்டமே ஆளுக்கொரு ஐஸ்கிரீம் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குள் ஓடியது.

பிறகு 2019. 'தி மாண்டலோரியன்' நாயகனுக்குக் கூலியாக அரிய உலோகக் கட்டிகள் தரப்படுகின்றன. அவற்றை வைத்திருக்கும் பெட்டகத்தின் பெயர் 'காம்டோனோ'. மேசைமேல் அது திறக்கும்போது பாருங்கள், அதே ஐஸ்கிரீம் இயந்திரம். காட்சியில் யாரும் சிரிப்பதில்லை, யாரும் கண்ணடிப்பதில்லை. தெரியாதவருக்கு அது ஒரு பெட்டகம். தெரிந்தவருக்கு 39 வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன மனுஷன் தூக்கிக்கொண்டு ஓடியது உண்மையிலேயே விலைமதிப்புள்ளதுதான் என்று தீர்ப்புச் சொன்னதுபோல இருக்கும். சின்ன வயதில் இந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று அவற்றை எடுக்கிறது. அதனால்தான் இது சாத்தியமானது.

எல்லாமே இப்படி நன்றாக அமைந்ததா என்றால், இல்லை. முதல் படத்தின் மதுக்கடையில் லூக்கை வம்புக்கிழுத்து ஓபி-வானிடம் கையை இழக்கும் ஆளும் அவன் கூட்டாளியும் ஞாபகம் இருக்கிறதா? 'ரோக் ஒன்' படத்தில் வேறொரு கிரகத்தின் சந்தைத் தெருவில் நாயகிமேல் மோதி, அதே தோரணையில் மிரட்டிவிட்டுப் போவார்கள். கதைக்கு எந்த வேலையும் இல்லை. தெரியாதவருக்கு இது யார், பின்னால் வருவார்களா என்று குழப்பம். தெரிந்தவருக்கும் அந்த நகரம் கொஞ்ச நேரத்தில் அழியப்போகிறதே, இவர்கள் எப்படித் தப்பி அந்த மதுக்கடைக்குப் போனார்கள் என்று கணக்குப் போடத் தோன்றும். 'சோலோ'வில் ஹானுக்கு அந்தக் குடும்பப்பெயர் எப்படி வந்தது என்று ஒரு காட்சி வைத்தார்கள். ஆள் சேர்க்கும் அதிகாரி உன் குடும்பம் யார் என்று கேட்க, தனி ஆள் என்று பதில் வர, சோலோ என்று எழுதிக்கொள்வார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். ரகசியம் என்பது விளக்கவுரையாக மாறும்போது அதன் சுகம் போய்விடுகிறது.

ஆனால் அதே 'ரோக் ஒன்' படத்தில்தான் என்னை அழவைத்த இடமும் இருக்கிறது. இறுதி விண்வெளிப் போரில் புரட்சிப்படையின் ரெட் லீடர், கோல்டு லீடர் என்ற இரண்டு விமானிகள் திரையில் வந்து உத்தரவு கொடுப்பார்கள். 1977 படத்தில் வந்த அதே முகங்கள், அதே வயது. கணினியில் வரைந்த முகங்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதல் படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் காப்பகத்தில் கிடந்த காட்சித் துண்டுகளை இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸின் குழு தேடி எடுத்துப் புதுப் படத்தில் பொருத்தியிருக்கிறது. ரெட் லீடராக நடித்த ட்ரூ ஹென்லி 2016 பிப்ரவரியில் காலமானார். படம் டிசம்பரில் வந்தது. அதே போரில் ரெட் ஃபைவ் என்ற அழைப்புப் பெயருள்ள விமானி சுடப்பட்டு இறப்பான், இரண்டு நொடிதான். அதனால்தான் அடுத்த கதையில், அதாவது 1977 படத்தில், புதிதாக வந்து சேரும் லூக்குக்கு ரெட் ஃபைவ் என்ற இடம் காலியாக இருக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒரு ஜோடிப் பகடை. ஹானின் விண்கலமான மிலேனியம் ஃபால்கனின் விமானி அறையில் சங்கிலியில் கோத்த தங்க நிறப் பகடைகள் 1977 படத்தில் ஒரு கணம் தெரியும். நம்மூர் லாரிகளில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குவதுபோல, அமெரிக்க இளைஞர்கள் காரில் பகடை தொங்கவிடுவார்கள், அந்த வாசனைக்காக செட் ஆட்கள் மாட்டியது. அடுத்த படத்தில் அது இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. 40 வருஷம் கழித்து 'தி லாஸ்ட் ஜெடை'யில் வயதான லூக் இருட்டில் தனியாக ஃபால்கனுக்குள் ஏறுவான். நண்பன் ஹான் இறந்துவிட்டான். லூக் கையை நீட்டி அந்தப் பகடைகளை எடுப்பான். படத்தின் கடைசியில் அவன் அவற்றைத் தங்கை லெயாவின் உள்ளங்கையில் வைத்து மூடுவான். கடைசியாக அவை ஹானைக் கொன்ற, ஹானின் சொந்த மகனின் கைக்கு வரும். மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்து மறைந்துபோகும். 1977 படத்தை ஒருநாளும் பார்க்காதவருக்கும் அது செத்துப்போன மனிதனின் பொருள் என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் தடவை எதையும் தேடாமல் பாருங்கள், நண்பர்களையும் வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு 1977 படத்தைத் தனியாக, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை போடுங்கள். சிறைப் பகுதி அதிகாரியிடம் லூக் சொல்லும் எண்ணைக் கேளுங்கள், பள்ளத்தில் விழுபவனின் அலறலைக் கேளுங்கள், கட்டுப்பாட்டு அறைக் கதவு ஏறும்போது திரையின் வலப்பக்கத்தைப் பாருங்கள். 2004-க்குப் பிந்தைய பிரதியாக இருந்தால் 'டொக்' என்று கேட்கும்.